ப்ரோகார்: ஓட இடமில்லாத காருக்காகப் பிறந்த பந்தயம் – கேள்வி பதில்

போன வாரம் பழைய ஃபார்முலா ஒன் கதைகள் பேசும்போது ப்ரோகார் என்ற பெயரைப் போகிற போக்கில் சொல்லியிருந்தேன். அன்றிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. தெரியாதவர்களுக்கு முதலில் இரண்டு வரி. 1979, 1980 என்று இரண்டே ஆண்டுகள் நடந்த தொடர் அது. ஃபார்முலா ஒன் பந்தயம் நடக்கிற அதே ஊரில், அதே வார இறுதியில், லாவ்டா, பிக்கே, ஆலன் ஜோன்ஸ் மாதிரி ஆட்கள் தங்கள் காரிலிருந்து இறங்கி, அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும் பிஎம்டபிள்யூ எம்1 கார்களில் ஏறி, சொந்தக் காசு போட்டு வந்த தனியார் அணிகளோடு மோதினார்கள். எனக்கு இருபது வருடத்துக்கும் மேலாக இதன் மேல் தீராத ஆசை. கேட்ட எல்லாருக்கும் ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடுகிறேன், சிலது நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணா, ஒரு கம்பெனி தன் காரையே தன் காரோடு மோதவிட்டுப் பந்தயம் நடத்தி என்ன பலன்? யார் ஜெயித்தாலும் பிஎம்டபிள்யூதானே ஜெயிக்கும்? விளம்பரம் மட்டும்தானா?

பதில்: தம்பி, எல்லாரும் முதலில் இதைத்தான் கேட்பார்கள். விளம்பரம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ப்ரோகார் பிறந்தது விளம்பரத்துக்காக இல்லை, வேறு வழி இல்லாமல் போனதால் பிறந்தது.

1970களின் நடுவில் ஸ்போர்ட்ஸ் கார் பந்தயங்களில் குரூப் 5 என்று ஒரு பிரிவு இருந்தது. சாலையில் ஓடும் காரின் வெளி உருவம் தெரிய வேண்டும், உள்ளே பெரும்பாலும் நம் இஷ்டம். அந்தப் பிரிவில் போர்ஷே 935 வைத்ததுதான் சட்டம். பிஎம்டபிள்யூ தன் 3.0 சிஎஸ்எல், 320 கார்களை வைத்துக்கொண்டு போராடிப் பார்த்தது. எவ்வளவு அகலமான டயர் போட்டாலும் அடிப்படையில் அவை குடும்பத்தோடு போகிற கார்கள், எஞ்சின் முன்னால் இருக்கிறது. அப்போது பிஎம்டபிள்யூவின் பந்தயப் பிரிவுக்குத் தலைவர் யோஹென் நீர்பாஷ். இவர் மேஜையில் உட்கார்ந்து மட்டும் பந்தயம் பார்த்தவர் அல்ல, 1968இல் டேடோனா 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயித்த போர்ஷே அணியின் ஓட்டுநர்களில் ஒருவர். அவர் முடிவு செய்தார்: நடுவில் எஞ்சின் வைத்து, பந்தயத்துக்கென்றே ஒரு காரைப் புதிதாகச் செய்வோம், அதைச் சாலையிலும் விற்போம். அதுதான் எம்1.

இங்கேதான் சிக்கல். விதிப்படி 24 மாதத்துக்குள் 400 கார் கட்டிக் காட்டினால்தான் அந்தக் காரைப் பந்தயத்துக்கு ஏற்றுக்கொள்வார்கள். கார் கட்டுவது இழுத்துக்கொண்டே போனது, ஏன் என்று அடுத்த கேள்வியில் சொல்கிறேன். ஆக 1978இல் நீர்பாஷ் கையில் என்ன இருக்கிறது? அருமையான பந்தயக் கார் இருக்கிறது, அதை ஓட்ட அனுமதிக்கிற பந்தயத் தொடர் எதுவும் இல்லை. 400 கார் கட்டி முடிக்கும் வரை அதைக் கொட்டகையில் பூட்டி வைத்தால் செலவு செய்த பணத்துக்கு மேலிடத்தில் என்ன பதில் சொல்வது? சரி, நம் காரை ஏற்றுக்கொள்ளும் பந்தயம் இல்லையென்றால் நம் காருக்கென்றே ஒரு பந்தயத்தை உண்டாக்குவோம் என்று இறங்கினார். எதிரி வேண்டுமே? காரில் எதிரி கிடைக்காது, ஓட்டுகிறவரில் கிடைப்பார். எல்லா காரும் ஒன்றே என்பதால் கண் முழுக்க ஓட்டுநர் மேல்தான் இருக்கும். என் கணிப்பில் கார் பந்தய வரலாற்றில் தோல்வியிலிருந்து பிறந்த மிக அழகான யோசனை இதுதான்.

கேள்வி: லம்போர்கினிக்கும் எம்1க்கும் என்ன சம்பந்தம்? அது லம்போர்கினி கார் என்று ஒருவர் சொல்கிறார், இல்லை என்று இன்னொருவர் சொல்கிறார்.

பதில்: லம்போர்கினி கார் இல்லை, ஆனால் லம்போர்கினி கட்டித் தர வேண்டிய கார். பிஎம்டபிள்யூவுக்கு இந்த மாதிரிக் குறைந்த எண்ணிக்கையில் நடு எஞ்சின் கார் கட்டிப் பழக்கமில்லை, அதனால் இத்தாலிக்குப் போனார்கள். உருவம் ஜியார்ஜெட்டோ ஜியுஜாரோவுடையது, சட்டகத்தில் ஜான் பாவ்லோ டல்லாராவின் கை இருக்கிறது, எஞ்சின் மியூனிக்கில் பிஎம்டபிள்யூவின் எஞ்சின் நிபுணர் பால் ரோஷேயுடையது. கட்டும் பொறுப்பு லம்போர்கினிக்கு. அந்தச் சமயம் பார்த்து லம்போர்கினி பணமில்லாமல் தள்ளாடியது, வேலை நகரவே இல்லை. 1978இல் பிஎம்டபிள்யூ ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது.

அதற்கப்புறம் நடந்ததைக் கேட்டால் தலை சுற்றும். இரும்புச் சட்டகம் மோதேனாவில் ஒரு பட்டறையில், கண்ணாடி இழை உடல் இன்னொரு இடத்தில், இரண்டையும் சேர்ப்பது ஜியுஜாரோவின் இட்டால்டிசைனில், அங்கிருந்து லாரியில் ஜெர்மனிக்கு ஸ்டுட்கார்ட் போய் பவுர் என்ற கம்பெனியில் எஞ்சின் ஏறும், கடைசிச் சரிபார்ப்பு மியூனிக்கில். ஒரு கார் முடிவதற்குள் இரண்டு நாடு சுற்றி வந்துவிடும். இப்படிக் கட்டினால் 400 எப்போது வரும்? 1980 டிசம்பரில்தான் குரூப் 4 (அந்த 400 கார் கணக்குக் கேட்ட பிரிவு) அங்கீகாரமே கிடைத்தது. அதற்குள் ப்ரோகார் இரண்டு பருவமும் ஓடி முடிந்திருந்தது.

கேள்வி: ஃபார்முலா ஒன் ஓட்டுநர்களை எப்படி இழுத்தார்கள்? ஞாயிற்றுக்கிழமை பெரிய பந்தயம் இருக்கும்போது சனிக்கிழமை இன்னொரு காரில் அடிபடச் சம்மதித்தார்களா?

பதில்: சம்மதித்தார்கள், ஆசையோடு சம்மதித்தார்கள். அந்தக் கால ஓட்டுநர்கள் கிடைத்ததையெல்லாம் ஓட்டினார்கள், ஒப்பந்தங்களும் இன்றைக்கு மாதிரி கை கால் கட்டிப் போடவில்லை. ஆனால் அதற்குக் கதவைத் திறந்துவிட்டவர் மேக்ஸ் மோஸ்லி. மார்ச் என்ற பந்தயக் கார் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவர். மார்ச் தன் ஃபார்முலா டூ கார்களில் பிஎம்டபிள்யூ எஞ்சின்தான் போட்டது, அதனால் நீர்பாஷுக்கு நன்றாகப் பழக்கம். அந்தச் சமயத்தில் மோஸ்லி, பெர்னி எக்கிள்ஸ்டன் பக்கம் சேர்ந்து ஃபார்முலா ஒன் அணிகளின் சங்கத்துக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஐரோப்பிய கிராண்ட் ப்ரீக்களோடு, அதாவது ஐரோப்பாவில் நடக்கும் ஃபார்முலா ஒன் பந்தயங்களோடு, இந்தத் தொடரையும் சேர்த்து நடத்த இவர்களால்தான் முடிந்தது.

ஏற்பாடு இதுதான். வெள்ளிக்கிழமை ஃபார்முலா ஒன் பயிற்சியில் யார் யார் வேகமான ஐந்து பேரோ, அவர்களுக்கு பிஎம்டபிள்யூவின் ஐந்து கம்பெனி கார்கள். தொடங்கும் வரிசையில் முதல் ஐந்து இடமும் அவர்களுக்கே. பின்னால் தனியார் அணிகள். நினைத்துப் பாருங்கள், நீங்கள் பெரிய பெயர் இல்லாத ஒரு ஜெர்மன் ஓட்டுநர், கடன் வாங்கி ஒரு எம்1 வாங்கியிருக்கிறீர்கள், உங்களுக்கு முன்னால் நிற்பது மரியோ ஆண்ட்ரெட்டி, அவர் கையில் இருப்பதும் உங்கள் கையில் இருப்பதும் ஒரே கார்.

கேள்வி: அப்படியென்றால் ஃபெராரி ஓட்டுநர்கள் வில்நெவ், ஷெக்டர் ஏன் பட்டியலில் இல்லை? 1979இல் வேகமான ஐந்து பேரில் அவர்கள் இல்லாமலா?

பதில்: இருந்தார்கள், ஆனால் ஓட்ட முடியவில்லை. ஃபெராரி, ரெனோ இரண்டும் கார் கம்பெனிகள், தங்கள் ஆளை பிஎம்டபிள்யூவில் உட்கார வைக்க மாட்டார்கள். டயரும் ஒரு காரணம். ப்ரோகாரில் குட்இயர், அவர்கள் இருவரும் மிஷலின். அதனால் அந்த வருட உலக சாம்பியன் ஜோடி ஷெக்டர் ப்ரோகார் பக்கமே வரவில்லை. எனக்கு இதில் இன்று வரை வருத்தம்தான். வில்நெவும் லாவ்டாவும் ஒரே எம்1இல் மொனாக்கோவில் மோதியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்காத நாளில்லை.

கேள்வி: ஒரே கார் ஒரே கார் என்கிறீர்கள், கம்பெனி தன் ஐந்து காருக்கு மட்டும் நல்ல எஞ்சின் கொடுத்திருக்காதா? முதல் ஐந்து இடத்தையும் அவர்களே வைத்துக்கொண்டால் அது என்ன சமமான பந்தயம்?

பதில்: இரண்டு கேள்வி இருக்கிறது, பிரித்துச் சொல்கிறேன். வரிசையில் முதல் ஐந்து இடம் கொடுத்தது சமம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். தனியார் அணிக்காரர் தன் காரில் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அவருக்கு ஆறாவது இடம்தான். அதைப் பார்க்க வருகிற கூட்டத்துக்காகச் செய்தார்கள்.

கார் விஷயத்தில் சந்தேகப்பட வேண்டாம், அதற்கு முடிவுகளே சாட்சி. 1979இல் முதல் இடம் நிக்கி லாவ்டா, இரண்டாம் இடம் ஹான்ஸ் யோவாகிம் ஸ்டுக். லாவ்டா ஓட்டியது ரான் டென்னிஸின் ப்ராஜெக்ட் ஃபோர் அணியின் கார், ஸ்டுக் ஓட்டியது கசானி என்ற தனியார் அணியின் கார். இரண்டும் கம்பெனி கார் இல்லை. காரணமும் எளிதாகப் புரியும். கம்பெனி காரில் உட்காரும் ஐந்து பேர் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை மாறுவார்கள். இன்று ஆண்ட்ரெட்டி, அடுத்த முறை வேறொருவர். ஒவ்வொரு பந்தயத்துக்கும் தவறாமல் வந்து, அதே காரை, அதே மெக்கானிக்குகளோடு ஓட்டுகிறவனுக்குப் புள்ளி சேர்ந்துகொண்டே போகும். வேகமான விருந்தாளியை விட வீட்டுக்காரனுக்கு மூலை முடுக்கு தெரியும் இல்லையா, அதுதான்.

கேள்வி: தொழில்நுட்பம் கொஞ்சம் சொல்லுங்கள் சார். நான் பைக் எஞ்சின் வேலை செய்கிறவன். டர்போ இல்லாமல் அந்தக் காலத்தில் எவ்வளவு சக்தி எடுத்தார்கள்?

பதில்: உங்களுக்குப் பிடிக்கும், கேளுங்கள். எம்88 என்ற எஞ்சின். ஆறு சிலிண்டர் நேர் வரிசை, 3,453 சிசி, போர் 93.4 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 84. மேலே இரண்டு கேம்ஷாஃப்ட், சிலிண்டருக்கு நான்கு வால்வு, மொத்தம் 24. எண்ணெய்த் தொட்டி தனியாக இருக்கும், அதாவது டிரை சம்ப். சாலையில் ஓடும் எம்1க்கு 277 குதிரைத்திறன். ப்ரோகாருக்கு வரும்போது அதே எஞ்சின் சுமார் 470, அதுவும் 9,000 சுற்றில். லிட்டருக்கு 136 பக்கம், டர்போ இல்லாமல், 1979இல்!

எப்படி என்றால் வேறு கேம், வேறு பிஸ்டன், பெரிய வால்வு, அப்புறம் முக்கியமாக த்ராட்டில், அதாவது எஞ்சினுக்குள் காற்றை விடும் கதவு. சாலை காரில் இருப்பது வட்டத் தகடு திரும்பித் திறக்கிற வழக்கமான த்ராட்டில், அது முழுதாகத் திறந்தாலும் காற்று போகும் வழியில் தகட்டின் விளிம்பு நிற்கும். பந்தய எஞ்சினில் தகடு அப்படியே பக்கவாட்டில் நகர்ந்து வழியை விட்டு விலகிவிடும், குழாயில் ஒன்றுமே இருக்காது. பழைய பைக் கார்புரேட்டரில் ஸ்லைடு மேலே ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள், யோசனை அதேதான். கம்ப்யூட்டர் கிடையாது, பெட்ரோல் கொடுப்பது குகல்ஃபிஷர் மெக்கானிக்கல் இன்ஜெக்‌ஷன். எடை 1,020 கிலோ, நேர்ச் சாலையில் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும். கியர் இசட்எஃப் ஐந்து வேகம், கையால் போட வேண்டும், தப்பாகப் போட்டால் எஞ்சின் போச்சு.

கேள்வி: லாவ்டா 1979இல் ஃபார்முலா ஒன்னை விட்டே ஓடிப்போனார் என்று படித்தேன். அதே வருடம் ப்ரோகாரில் சாம்பியன். ஒரே ஆள் எப்படி அங்கே தோற்று இங்கே ஜெயித்தார்?

பதில்: இந்தத் தொடரில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியே இதுதான், கொஞ்சம் உட்கார்ந்து சொல்கிறேன்.

1979இல் லாவ்டா பிராபம் அணியில் இருந்தார். ஆல்ஃபா ரோமியோவின் வி12 எஞ்சின், பந்தயத்துக்குப் பந்தயம் புகைவிட்டு நின்றது. அந்த வருடம் முழுக்க உலக சாம்பியன்ஷிப்பில் அவர் எடுத்தது நான்கே புள்ளி. இரண்டு முறை உலக சாம்பியன், 1976இல் நியூர்பர்க்ரிங் தீயிலிருந்து பிழைத்து ஆறு வாரத்தில் திரும்பி வந்து ஓட்டிய மனிதர், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நின்றுபோன காரைவிட்டு நடந்து வருகிறார். ஆனால் அதற்கு முந்தின நாள், சனிக்கிழமை, எம்1இல் ஏறினால் வேறு ஆள். மொனாக்கோவில் ஜெயித்தார், சில்வர்ஸ்டோனில் ஜெயித்தார், ஹாக்கன்ஹைமில் ஜெயித்தார். கடைசிப் பந்தயம் மோன்சாவில், செப்டம்பர் ஆரம்பம், பட்டம் அவருக்கு. சாம்பியனுக்குப் பரிசு ஒரு சாலை எம்1.

மூன்று வாரம்கூட ஆகவில்லை. கனடாவில் மொன்ட்ரியால் பயிற்சியில் புத்தம் புதிய பிராபம் காரில் சில சுற்று ஓட்டிவிட்டு வந்து நிறுத்தினார், ஹெல்மெட்டைக் கழற்றினார், இனி ஓட்டவில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். அவருக்கு விமானக் கம்பெனிக் கனவு இருந்தது, அந்தப் பக்கம் போனார்.

எல்லாரும் கதையை இங்கே நிறுத்திவிடுகிறார்கள். அவருக்கு எம்1 கொடுத்தது ரான் டென்னிஸ் என்று சொன்னேன் அல்லவா? டென்னிஸின் ப்ராஜெக்ட் ஃபோர் வெறும் போட்டி அணி மட்டும் இல்லை, பிஎம்டபிள்யூவுக்காகப் பல ப்ரோகார்களைக் கட்டிக் கொடுத்ததும் அவர்கள்தான். அந்த டென்னிஸ்தான் 1980இன் கடைசியில் மெக்லாரனோடு ப்ராஜெக்ட் ஃபோரை இணைத்தார், 1981இலிருந்து மெக்லாரன் கார்களின் பெயரில் எம்பி4 என்று வந்ததில் அந்த 4 இதுதான். அப்புறம் 1982இல் லாவ்டாவை ஃபார்முலா ஒன்னுக்குத் திரும்பக் கூட்டிவந்து காரில் உட்கார வைத்தது யார்? அதே டென்னிஸ். 1984இல் அரைப் புள்ளி வித்தியாசத்தில் ப்ரோஸ்டை முந்தி லாவ்டா மூன்றாவது பட்டம் எடுத்தார். டென்னிஸும் லாவ்டாவும் ஒரே அணியில் நின்று முதல் முதலில் பட்டம் எடுத்தது ப்ரோகாரில். நம்பிக்கை அங்கேதான் விழுந்தது என்பது என் எண்ணம்.

கேள்வி: 1980இல் என்ன மாறியது?

பதில்: எல்லாப் பந்தயமும் கிராண்ட் ப்ரீயோடு என்பது போய், டோனிங்டன், பெர்லினின் ஆவுஸ், நூரம்பெர்க்கின் நோரிஸ்ரிங் மாதிரி இடங்களுக்கும் போனார்கள். முதல் பந்தயம் டோனிங்டனில், யான் லாமர்ஸ் ஜெயித்தார். மொனாக்கோவில் ஸ்டுக், பிராண்ட்ஸ் ஹாட்ச்சில் ரூட்டமன், ஹாக்கன்ஹைமில் பிரோனி. கடைசி மூன்றையும் நெல்சன் பிக்கே தொடர்ந்து ஜெயித்துப் பட்டத்தைத் தூக்கிக்கொண்டு போனார். அந்த வருடம் ஃபார்முலா ஒன்னில் ஆலன் ஜோன்ஸ் முதல், பிக்கே இரண்டாவது. ப்ரோகாரில் பிக்கே முதல், ஜோன்ஸ் இரண்டாவது. கார் ஒன்றாக இருந்தபோது யார் முன்னால் வந்தார் என்று பிக்கே ரசிகர்கள் சொல்லிக்கொள்ளலாம், நான் தடுக்க மாட்டேன்.

கேள்வி: இவ்வளவு நன்றாகப் போன தொடரை ஏன் மூடினார்கள்? யாருக்கும் மனசு வலிக்கவில்லையா?

பதில்: கம்பெனியின் தேவை தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். 1980இலேயே பிஎம்டபிள்யூ ஃபார்முலா ஒன்னுக்கு டர்போ எஞ்சின் கொடுக்கப் போவதாக அறிவித்துவிட்டது. பணமும் ஆட்களும் பால் ரோஷேயின் மூளையும் அந்த நான்கு சிலிண்டர் 1.5 லிட்டர் எஞ்சின் பக்கம் போனது. நீர்பாஷ் கம்பெனியை விட்டு டால்போட் என்ற கார் கம்பெனி பக்கம் போய்விட்டார், அவர் இடத்துக்கு டீட்டர் ஸ்டாப்பர்ட் வந்தார். பெற்றவரே போன பிறகு பிள்ளையை யார் பார்ப்பார்கள்? இன்னொரு பக்கம் எம்1க்கு அங்கீகாரம் கிடைத்துவிட்டதால் தனித் தொடருக்கான காரணமே இல்லாமல் போனது. அந்த டர்போ எஞ்சினோடு பிக்கே 1983இல் பிராபம் காரில் உலக சாம்பியன் ஆனார், டர்போ காரில் பட்டம் வாங்கிய முதல் ஆள்.

பாவம் தனியார் அணிகள்தான். ப்ரோகாரை நம்பிக் கார் வாங்கியவர்கள் அதை எடுத்துக்கொண்டு வேறு பந்தயம் தேட வேண்டியதாயிற்று. கம்பெனி நடத்தும் எந்தத் தொடரில் இறங்குகிறவருக்கும் நான் சொல்வது இதுதான்: கார் எவ்வளவு வேகம் என்று கேட்பதற்கு முன்னால், இந்தக் கம்பெனிக்கு இந்தப் பந்தயம் இன்னும் எத்தனை வருடம் தேவைப்படும் என்று கேளுங்கள்.

கேள்வி: எம்1 எதற்காகக் கட்டப்பட்டதோ அந்தப் பந்தயங்களில் கடைசியில் ஜெயித்ததா?

பதில்: பெரிதாக இல்லை. அங்கீகாரம் வந்த கொஞ்ச நாளிலேயே விதிகளே மாறி, 1982இல் குரூப் 4, 5 போய் ஏ, பி, சி என்று வந்துவிட்டது. ஆனால் 1981இல் நியூர்பர்க்ரிங் 1,000 கிலோமீட்டர் பந்தயத்தில் ஸ்டுக்கும் பிக்கேயும் சேர்ந்து ஒரு எம்1இல் முதலாவது வந்தார்கள். ப்ரோகாரில் ஒருவரை ஒருவர் துரத்திய அதே இருவர். ஹெர்பர்ட் முல்லர் என்ற ஓட்டுநர் விபத்தில் இறந்துபோனதால் பந்தயம் பாதியில் நிறுத்தப்பட்டது, அதனால் யாரும் அதைக் கொண்டாடிப் பேசுவதில்லை, பேசவும் கூடாது. அமெரிக்காவிலும் அதே வருடம் ஜிடிஓ பிரிவில் எம்1 பட்டம் எடுத்தது. எஞ்சின் மட்டும் சாகவில்லை, அதன் அடுத்த வடிவம்தான் முதல் எம்5இல் போனது.

கேள்வி: ஒரு எம்1 மேல் ஓவியர் ஆண்டி வார்ஹால் பெயின்ட் அடித்தாராமே, அது ப்ரோகார்தானா?

பதில்: ப்ரோகார் தொடரில் ஓடியது இல்லை, அது 1979 லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்துக்குப் போன எம்1, எண் 76. அவருக்கு முன்னால் வந்த ஓவியர்கள் சின்ன மாதிரிக் காரில் வரைந்து கொடுப்பார்கள், வேறு ஆட்கள் பெரிய காரில் அதைப் பார்த்து அடிப்பார்கள். வார்ஹால் நேரே காரிலேயே இறங்கினார், அரை மணி நேரத்துக்குள் முடித்துவிட்டார். வேகத்தில் போகும்போது கோடுகள் கலங்கித் தெரிவது மாதிரி தூரிகையை இழுத்திருப்பார், சில இடத்தில் விரலால். அப்படி வரைந்த காரைக் காட்சிக்கு வைக்காமல் ஓட்டினார்கள், மொத்தத்தில் ஆறாவது இடம் வந்தது. எனக்கு அதில் மரியாதை அந்த ஓட்டியதற்குத்தான்.

கேள்வி: கோவையிலிருந்து கேட்கிறேன் அண்ணே. நம்ம பக்கம் இந்த மாதிரி கம்பெனி தொடர் வந்ததே இல்லையா? போர்ஷே மட்டும் எப்படி இத்தனை வருடமாக நடத்துகிறது?

பதில்: வந்திருக்கிறதே, உங்கள் ஊர் செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் இருங்காட்டுக்கோட்டையிலும் ஃபோக்ஸ்வாகன் போலோ கப் கார்கள் ஓடியிருக்கின்றன. 2010இல் தொடங்கினார்கள், ஆரம்பத்தில் டீசல் போலோ. டொயோட்டாவும் எட்டியோஸ் காரை வைத்து ஒரு தொடர் நடத்தியது. இவை இளம் ஓட்டுநர்களுக்குக் கதவு திறந்த தொடர்கள், உலக சாம்பியன்களை வைத்து நடந்தது இல்லை. ஆனால் அடிப்படை ஒன்றுதான், ஒரே கார், சாக்குச் சொல்ல இடமில்லை.

போர்ஷே விஷயம் வேறு. ஜெர்மனியில் கரேரா கப் 1990இல் வந்தது, ஃபார்முலா ஒன்னோடு ஓடும் சூப்பர்கப் 1993இலிருந்து இன்று வரை ஓடுகிறது. அவர்களுக்குப் பந்தயக் கார் விற்பதே ஒரு வியாபாரம். ஒவ்வொரு புதிய 911 வரும்போதும் ஒரு புதிய கப் கார், அதை அணிகள் வாங்கும், பழையது வேறு நாட்டுத் தொடருக்குப் போகும். பிஎம்டபிள்யூவுக்கு எம்1 ஒரு முறை வந்த கார், சாலைக் காரும் பந்தயக் காரும் சேர்த்தே 450 சொச்சம்தான் கட்டினார்கள், பின்னால் வர அடுத்த எம்1 இல்லை.

கேள்வி: கடைசியாக, நீங்கள் நேரில் பார்த்திருக்கிறீர்களா? இப்போது எங்கே பார்க்கலாம்?

பதில்: 2008இல் ஹாக்கன்ஹைம் ஜெர்மன் கிராண்ட் ப்ரீயில் பிஎம்டபிள்யூ பழைய ப்ரோகார்களைத் திரட்டி ஓட்டியது, லாவ்டா, ஸ்டுக் எல்லாம் வந்தார்கள், அதற்கு நான் போகவில்லை. ஐரோப்பாவில் பழைய பந்தயக் கார்கள் ஓடும் விழாக்களில் இப்போதும் வருகின்றன.

நான் பார்த்தது சில வருடம் முன்னால் வேலை விஷயமாக ஜெர்மனியில் இருந்தபோது. அப்படி ஒரு விழாவில், கயிறு கட்டிய இடத்துக்கு அப்புறம் ஆறடி தூரத்தில் நின்றது. முதலில் கண்ணில் பட்டது உயரம்தான், என் இடுப்புக்குக் கொஞ்சம் மேலேதான் வரும். பின் டயர் பன்னிரண்டரை அங்குல அகல வளையத்தில் ஏறி நின்றது, பெரிய இறக்கை. வயதான மெக்கானிக் ஒருவர் காரின் பக்கவாட்டில் ஒரு காற்றுக் குழாயைச் செருகினார், புஸ் என்று ஒரு சத்தம், கார் முழுசாக எழுந்து நான்கு சிறு கால்களில் நின்றது. சக்கரம் மாட்டி முடித்துக் குழாயைப் பிடுங்கியதும் தரையில் சட்டென்று உட்கார்ந்தது. அப்புறம் எஞ்சினைக் கிளப்பினார்கள். குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருக்கும் என்பதால் உடனே ஓட்ட மாட்டார்கள், பத்து நிமிடத்துக்கு மேல் ஒருவர் உட்கார்ந்து ஆக்ஸிலரேட்டரைத் தட்டித் தட்டி விட்டுக்கொண்டே இருந்தார். தாழ்ந்த சுற்றில் அடைத்த தொண்டை மாதிரி இருமியது, மேலே போகப் போக ஆறும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே இழுப்பாக ஆனது. பக்கத்தில் நின்ற ஜெர்மன்காரர் ஒருவர், எழுபது வயது இருக்கும், சின்னப் பையனாக இல்லை, தான் இளைஞனாக இருந்தபோது ஹாக்கன்ஹைமில் கேட்டது இந்தச் சத்தம்தான் என்று எனக்குப் புரிகிற மாதிரி மெதுவாக ஆங்கிலத்தில் சொன்னார். கார் பாதைக்குள் போனதும் நாங்கள் இருவரும் வேலி ஓரமாகவே நின்றோம், ஒவ்வொரு சுற்றும் அது திரும்பி வரும் வரை பேசவில்லை.